சிவப்புக் கைப்பிடி

அத்தியாயம் 6

ஆளைக் கொன்ற கட்டிங் பிளேயர் என்று சொல்லி ஏட்டையா மேசைமேல் வைத்ததைப் பார்த்ததும், ரெஜினாவோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்த வேண்டாவுக்குச் சப்பென்று போய்விட்டது. எந்த ஹார்டுவேர் கடையிலும் கொத்தாகத் தொங்குகிற சாதாப் பிளேயர். கைப்பிடியில் பச்சை பிளாஸ்டிக் உறை. உறை ஒரு பக்கம் கிழிந்து இரும்பு தெரிந்தது. கிழிசலை ஒட்டிக் கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் ‘கா’ என்று ஓர் எழுத்து.

“இதுவா ஆளக் கொன்னுது? எங்க வூட்ல இதாலதான் தேங்கா ஒடைப்போம்,” என்றாள் வேண்டா.

ஏட்டையா சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லைதான். படூரில் ஓர் அபார்ட்மென்ட். அதன் பம்ப் ரூமில் பழைய கேபிள் ஒன்றை வெட்டும்போது ஷாக் அடித்து எலக்ட்ரீஷியன் உலகநாதன் இறந்துபோனார். கைக்குப் பக்கத்தில் கிடந்தது இந்தப் பச்சைப் பிளேயர். ஆனால் இது அவருடையது அல்ல. அங்கேயே தற்காலிக வேலையில் இருந்த அவர் மனைவியின் தம்பி கார்த்தியுடையது. உலகநாதனுக்குக் கம்பெனி கொடுத்திருந்தது சிவப்புக் கைப்பிடி போட்ட, ஆயிரம் வோல்ட் வரைக்கும் கரண்டு கையில் ஏறாது என்று முத்திரை குத்தின உயர்ந்த சாமான். அது மட்டும் காணவில்லை.

மச்சான்காரன் சிவப்பை எங்கேயோ விற்றுவிட்டு, தன்னுடைய கிழிசல் பிளேயரை மாமன் பைக்குள் போட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. கார்த்தி அதை முழுசாக மறுக்கவும் இல்லை. பிளேயர் என்னுதுதான், அவசரத்தில் பை மாறிப்போச்சு என்று அழுதுகொண்டே எழுதிக் கொடுத்திருக்கிறான். போலீஸ் அதை விபத்து என்று முடித்துக்கொள்ளப் பார்த்தது.

ரெஜினா பிளேயரின் வாயைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டுகிற பிளேடை ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறுபக்கம் பார்த்தாள். செங்கல்பட்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போடுவதற்கு முன்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளைக் குடைந்து கொண்டிருந்தவள் அவள். கருகின சாமான் எதுவும் அவளிடம் சுலபமாகப் பொய் சொல்லிவிட முடியாது. இதை யாராவது துடைத்தீர்களா, தீட்டினீர்களா என்று கேட்டாள். எங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றார் ஏட்டையா. நன்றி சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

வெளியே டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினபிறகுதான் வாயைத் திறந்தாள். “பிளேயரு வாயில என்னடி பார்த்த?”

“பல்லு. நல்லா வெளக்கின பல்லு.”

“அதான் எனக்கும் இடிக்குது.”

ஆட்கள் இருக்கும்போது ‘மேடம்’ என்றும், தனியாக இருக்கும்போது ‘யக்கா’ என்றும் கூப்பிடுவது வேண்டாவின் வழக்கம். வரிசையாகப் பெண் பிறந்ததில் அலுத்துப்போன அப்பா வைத்த பெயர்தான் வேண்டா. ஆனால் ரெஜினா அவளை வேலைக்கு எடுத்ததிலிருந்து ஸ்கூட்டர் ஓட்டவும், கதவிடுக்கில் காது வைக்கவும், எவன் என்ன சொன்னாலும் நம்பாமல் இருக்கவும் அவளைவிட்டால் ஆளில்லை.

ரெஜினா விளக்கினாள். கரண்டு ஓடுகிற கேபிளை அப்படியே பிளேயரால் வெட்டினால் உள்ளே இருக்கிற இரண்டு கம்பியும் பிளேடில் ஒன்றாக முட்டும். பட்டென்று பொறி பறக்கும். பிளேடில் அந்த இடம் உருகிச் சின்னதாய் ஒரு பள்ளம் விழும். எந்த எலக்ட்ரீஷியன் பையைத் துழாவினாலும் அப்படி வாய் கருகின பிளேயர் ஒன்று கிடைக்கும். யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. வயரின் மேல்தோலை உரிக்க அந்தப் பள்ளம் ரொம்பத் தோதானது.

வேண்டா டீயை அப்படியே வைத்துவிட்டாள். “அப்போ இந்தப் பச்சைப் பிளேயரு கேபிள வெட்டவே இல்ல.”

“வெட்டல. செத்ததுக்கு அப்புறம் பக்கத்துல வெச்சிருக்காங்க.”

“கார்த்தி மேல பழி போட எவனோ வெச்சிருக்கான் யக்கா. அந்த மேனேஜருதான். நான் முந்தியே சொன்னேன்ல?”

“நீ மேனேஜரை இன்னும் பார்க்கவே இல்ல.”

“பாக்கணுமா இன்னா? மேனேஜர்னாலே பாதி கேஸ் முடிஞ்சிடும்.”

ரெஜினா சிரித்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் சிரிப்பு ரொம்ப நேரம் தங்கவில்லை. அவர்களைத் தேடி வந்த ரேணுகாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. உலகநாதனின் மனைவி. மறுநாள் காலை கருமாதி. அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்தாக வேண்டும். ரேணுகாவுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. கோடி போட இருப்பது கார்த்தி ஒருத்தன்தான். புகுந்த வீட்டுக்காரர்களோ, கொன்றவன் கையால் கோடியா, அவன் வாசற்படி மிதித்தால் நடப்பதே வேறு என்று நிற்கிறார்கள்.

ரேணுகா அழவில்லை. அவள் பேசினது வேண்டாவுக்கு வரி வரியாக மனசில் நின்றது. “அவன் பண்ணலன்னு நீங்க சொல்லுங்க மேடம், யாரு தடுத்தாலும் அவன் கையால வாங்கிக்கிறேன். பண்ணான்னா அத்தயும் சொல்லிடுங்க. எதுவும் தெரியாம மட்டும் அந்த மணையில என்னால உக்கார முடியாது.”

கார்த்திதான் கடைசி வரைக்கும் மாமாவோடு இருந்தவன், மாமா என்றால் உயிரை விடுவான் என்றும் சொன்னாள். அந்தப் பையனை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வேண்டா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். துப்பறிகிறவர்கள் அப்படி முன்கூட்டியே முடிவு கட்டக்கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு கேட்டுவிடுமா?

*

படூர் அபார்ட்மென்டின் பெயரில் கடல் இருந்தது. மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கண்ணுக்கு அகப்படாத கடல். பராமரிப்பு கம்பெனி மேனேஜர் ஹரிஹரன் சட்டை கசங்காமல், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் இரண்டு போனுமாக நின்றார். பம்ப் ரூம் சாவி அவரிடம் இருந்தது. திறக்கத்தான் மனசு வரவில்லை. போலீஸ் பார்த்தாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று இழுத்தார். இறந்தவருடைய சம்சாரம் கேட்கச் சொன்னது என்று ரெஜினா அமைதியாகச் சொன்னதும் திறந்தார்.

தரையில் இன்னும் ஈரம் இருந்தது. பேனலுக்குக் கீழே பாதி வெட்டுப்பட்ட கேபிள் தொங்கியது. ரெஜினா குனிந்து டார்ச் அடித்தாள். இரண்டு கம்பியின் முனையும் கருகி, செம்பு உருகி உருண்டையாகி இருந்தது. இதை வெட்டின பிளேயருக்கு வாய் தப்பியிருக்கவே முடியாது. வேண்டா வெற்றிப் பார்வை ஒன்றை வீசினாள். ரெஜினா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மெயினை ஆஃப் செய்துவிட்டு வெட்டியிருக்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டாள்.

“மேடம், இங்க எல்லாருமே வீட்ல உக்காந்து வேலை பார்க்கிற ஐ.டி. ஆளுங்க. கொஞ்ச நேரம் கரண்ட் போனா குரூப்ல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. அதுக்குத்தானே இன்சுலேட்டட் டூல்ஸ் வாங்கிக் கொடுத்தோம்? அதை அந்தப் பையன் மாத்திட்டான்னா நாங்க என்ன பண்ண முடியும்?”

அந்தக் கேபிளில் கரண்டு இல்லை என்று உலகநாதனிடம் யார் சொன்னது என்று அடுத்த கேள்வி. ஹரிஹரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய கேபிள்தானே, யாரோ சொல்லியிருப்பார்கள் என்றார். யாரோ என்கிற அந்த ஆளை வேண்டாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எந்தத் தப்பு நடந்தாலும் அந்த ஆள்தான் செய்திருப்பான், எவன் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான்.

அன்றைக்கு நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். பம்ப் ரூமில் சத்தம் கேட்டு ஓடினாராம். அதற்கு முன்பே கார்த்தி உள்ளே இருந்தானாம். உலகநாதனை மடியில் போட்டுக்கொண்டு அழுதானாம். அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடவும், கேட்டைத் திறந்துவிடவும் ஓடினாராம். சிவப்புப் பிளேயரை அப்போது பார்த்தீர்களா என்றதற்கு, மனுஷன் கிடக்கும்போது பிளேயரையா பார்ப்பேன் என்றார். அந்தப் பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே வேண்டாவுக்கு அது பிடிக்கவில்லை.

கம்பெனிக்கு இன்னும் இரண்டு இடத்தில் வேலை. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை, மாமல்லபுரம் போகிற வழியில் கடற்கரையை ஒட்டி ஒரு ரிசார்ட். அங்கே இருக்கிற எலக்ட்ரீஷியன்களுக்கும் அதே சிவப்புப் பிளேயர்தான் கொடுத்திருக்கிறது. காணாமல் போனதைப் பார்க்க முடியாவிட்டால் அதன் கூடப்பிறந்ததையாவது பார்க்கிறேன் என்றாள் ரெஜினா. ஹரிஹரனுக்கு முகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது.

ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் தூணுக்குப் பின்னால் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் பேசினார். வேண்டா செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்து மெல்லச் சொன்னாள். “அந்த மெசேஜை டெலீட் பண்ணச் சொல்லுன்னு எவன்கிட்டயோ சொல்லினு கீறாரு யக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சிவப்ப ஒளிச்சது இவருதான்.”

“ஒளிச்சவருன்னா எதுக்கு? வித்தா நாலு காசு தேறும் சாமானை மேனேஜர் எதுக்குடி ஒளிக்கணும்?”

வேண்டா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். காரணத்துக்குக் குறைவிருந்தாலும் சந்தேகத்துக்கு அவளிடம் எப்போதும் குறைவில்லை.

*

கோவளம் தாண்டி ஈ.சி.ஆரில் திரும்பினதும் காற்று முகத்தில் உப்பை அப்பியது. ரிசார்ட்டில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், தோட்டத்து விளக்கு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அருணகிரி. முப்பது வயசிருக்கும். உலகநாதன் பெயரைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். வேலை கற்றுக்கொடுத்தவராம்.

அவன் கீழே வைத்தது ஒரு பிளேயர். சிவப்புக் கைப்பிடி.

ரெஜினா அதை எடுத்துப் பார்த்தாள். கைப்பிடி நல்ல தடிமன். விரல் வழுக்கி இரும்புப் பக்கம் போகாமல் இருக்க மேலே ஒரு தடுப்பு. தடுப்பின் ஓரத்தில் சிவப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. மேல் சிவப்பு தேய்ந்து மஞ்சள் வெளியே வந்தால் சாமானை மாற்ற வேண்டும் என்பதற்கு அது அடையாளம் என்று வேண்டாவிடம் சொன்னாள். அசல் சாமான். நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

கம்பெனி கொடுத்தது இதுதானா என்று கேட்டாள்.

“இல்ல மேடம். கம்பெனி குட்த்தத கார்த்தி வாங்கினு பூட்டான். ஒலகண்ணன எடுத்த மறுநாளே வந்தான். கம்பெனில மாத்தச் சொல்லிட்டாங்கன்னு பழசப் புடுங்கினு இத்தக் குட்த்தான். மறைமலைநகர் பசங்க கைலயும் இதேதான். அங்கயும் போயிக் கீறான்.”

வேண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமன் செத்த துக்கத்திலும் மற்றவர்கள் உயிருக்காக ஓடியிருக்கிறான். இந்தப் பிள்ளையைப் போய்க் கொலைகாரன் என்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது. நீச்சல் குளத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற ரெஜினாவிடம் போய்ச் சொன்னாள். “பாத்தீங்களா யக்கா? புள்ள தங்கம்.”

“தங்கம்தான்.” ரெஜினாவின் குரலில் சுரத்தே இல்லை. “ஒண்ணு மட்டும் யோசிச்சுச் சொல்லு வேண்டா. உலகநாதனைக் கொன்னது பச்சைப் பிளேயர்னு போலீஸ் சொல்லுது, மேனேஜர் சொல்றாரு, ஊர் சொல்லுது. கார்த்தியே எழுதிக் கொடுத்திருக்கான். அப்போ இவன் ஏன் ஓடி ஓடிப் போய்ச் சிவப்பைத் திரும்ப வாங்கணும்?”

வேண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்பில் சாவு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது. தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன்தான் மாமனின் கையிலிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு, தன் பச்சையை அங்கே வைத்தவனாக இருக்க முடியும். மேனேஜர் ஆம்புலன்ஸுக்கு ஓடினபோது பம்ப் ரூமில் தனியாக இருந்தவன் யார் என்பதும் இப்போது ஞாபகம் வந்தது.

“தன் பேரு போட்ட பிளேயரைத் தானே வெப்பானா யக்கா? தன் மேலயே பழி வராதா?”

“சின்னப் பழி. பை மாறிப்போச்சுன்னா அசட்டுத்தனம், அவ்வளவுதான். அதை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா, பெரிய பழியை யாரும் தேட மாட்டாங்க.”

பெரிய பழி என்ன என்பதை ஊகிக்கத்தான் முடிந்தது. நிச்சயப்படுத்த ரெஜினா ஒரு வழி வைத்திருந்தாள். அருணகிரியைக் கூப்பிட்டு, கார்த்திக்குப் போன் போட்டு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குப் பாதி புரிந்து பாதி புரியவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“கார்த்தி, ஸ்டோர்ல இன்னோரு சிவப்புப் பிளேயரு கெடச்சிதுடா. பேனல்ல ஒரு வேல கீது. இத்த வெச்சி லைன்லயே முட்சிடப் போறேன்.”

மறுமுனையில் பையன் கத்தினான். “அண்ணாத்த, அத்தத் தொடாத. கைய எடு. மெய்யாலுமே சொல்றேன், கைய எட்து கீழ வெச்சிடு. தோ வந்துகினே கீறேன்.”

அருணகிரி போனை அணைத்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாவுக்குத் தைரியம் வரவில்லை. காலையிலிருந்து அவள் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருந்தாள், சந்தேகப்படாமல் விட்டது ஒருத்தனை மட்டுமே. அந்தக் கோபம் முழுக்க அவள் மேலேயே திரும்பியது.

*

பைக்கைப் படுக்கப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் ரெஜினாவைக் கண்டதும் நின்றுவிட்டான். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயசுப் பையன். மழிக்காத முகம். அவள் எதையும் கேட்கவில்லை. பைக் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்வையால் காட்டினாள். திறந்து ஒரு சாக்குப் பையை எடுத்துப் புல்லில் கொட்டினான். எல்லாம் சிவப்புக் கைப்பிடி. ரெஜினா ஒன்றை எடுத்துக் கொண்டை ஊசியால் கீறினாள். வாழைப்பழத் தோல் மாதிரி பிளாஸ்டிக் பிரிந்தது. உள்ளே மஞ்சளைக் காணோம். வெறும் இரும்பு. மேலே மட்டும் ஆயிரம் வோல்ட் முத்திரை அழகாகக் குத்தியிருந்தது.

அதில் ஒன்றின் பிளேடில் கருகின பள்ளம் இருந்தது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

கார்த்தி அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான். மூன்று இடத்துக்கும் நல்ல கடையில் பிளேயர் வாங்கி வரச் சொல்லி மேனேஜர் அவனைத்தான் அனுப்பினாராம். அவன் நல்ல கடையைத் தாண்டிப்போய் பிளாட்பாரக் கடையில் வாங்கினான். பார்வைக்கு அதே சிவப்பு, அதே முத்திரை. மிச்சமானதில் அக்கா பெண் ஸ்வாதியின் காதுகுத்துக்குத் தோடு எடுத்தான். தாய்மாமன் சீர். அக்காவின் மாமியார் வீட்டில், உங்கள் வீட்டிலிருந்து என்ன வந்துவிடப்போகிறது என்று எப்போதும் ஒரு பேச்சு உண்டு. அந்த வாயை அடைக்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. அடைத்தும் விட்டான். ஊரே தோட்டைப் பார்த்தது.

“டூப்ளிகேட்னு தெரியும் மேடம். சாவு வரும்னு தெரியாது. அந்தக் கேபிள்ல சப்ளை இல்ல, அப்டியே இர்ந்தாலும் ஆயிரம் வோல்ட் பிளேயரு கீதேன்னு மேனேஜரு மாமாவுக்கும் எனக்கும் சேத்து மெசேஜ் போட்டாரு. மாமா உடனே எறங்கிட்டாரு. இது என் மச்சான் வாங்கியாந்ததுன்னு எல்லார் கிட்டயும் சொல்லுவாரு மேடம்.”

அந்த மெசேஜ் இன்னும் அவன் போனில் இருந்தது. காலையில் கம்பெனி ஆள் ஒருத்தன் அதை அழிக்கச் சொல்லிக் கூப்பிட்டானாம். வேண்டாவின் மேனேஜர் சந்தேகம் பாதி உண்மையாகப் போனதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இத்தனை பிளேயரையும் கடலில் போட்டிருக்கலாமே என்று கேட்டாள். போட வந்தேன் என்றான். வலையில் சிக்கினால் யாராவது எடுத்துத் துடைத்து உபயோகப்படுத்திவிடுவார்கள் என்று பயந்து திரும்பக் கொண்டுபோனானாம்.

இவனைத் திட்டுவதா, தேற்றுவதா என்று வேண்டாவுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனா, அக்கா வீடா, எங்கே முதலில் என்று ரெஜினா கேட்டாள். அக்கா என்றான்.

*

படூர் ஊருக்குள் ரேணுகாவின் வீட்டு வாசலில் மறுநாளைக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயவில்லை. கார்த்தியைப் பார்த்ததும் பந்தலில் பேச்சு நின்றது. ஒரு பெரியவர் எழுந்தார். ரேணுகா அவரைக் கையமர்த்திவிட்டு, மூன்று பேரையும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள். நல்ல சேதி என்றுதான் நினைத்திருக்கிறாள். தம்பியின் தோளைத் தொட்டாள். வேண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்த்தியே சொன்னான். தோடு வரைக்கும், மெசேஜ் வரைக்கும், பச்சையை வைத்தது வரைக்கும் விடாமல் சொன்னான்.

ரேணுகாவின் கை மெல்ல அவன் தோளிலிருந்து இறங்கியது.

“மத்தவங்க பிளேயர எல்லாம் ஓடி ஓடி வாங்கினியே. அந்த ஓட்டத்த மின்னாடியே ஓடியிருக்கக் கூடாதாடா?”

அவன் கல்லின் மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தூக்கவில்லை. உள்ளே பார்த்து ஸ்வாதியைக் கூப்பிட்டாள். நான்கு வயசுக் குழந்தை மாமாவைக் கண்ட சந்தோஷத்தில் ஓடி வந்தது. ரேணுகா அதை மடியில் உட்காரவைத்து, ஒரு காதின் திருகாணியைக் கழற்றினாள், பிறகு மறு காது. குழந்தை முகத்தைச் சுளித்ததே தவிர அழவில்லை. தோடு இரண்டையும் தம்பியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“காலைல கோடி எட்துனு வா. இந்த வூட்ல யாரு இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன். பொறந்த வூடுன்னு எனக்கு நீ ஒர்த்தன்தான் கீற. போட்டு முட்சதும் நானே உன்ன இட்டுனு போயி ஸ்டேஷன்ல வுடுவேன். அந்த மேனேஜரு மெசேஜயும் எட்துனு வா. அவரும் வரணும்.”

கார்த்தி தலையை ஆட்டினான். பிறகு அவள் சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கழுவி, சின்னச் சின்னதாய் ஒடித்துக் குழந்தையின் காது ஓட்டைகளில் செருகினாள். காயம் ஆறாத இளம் காது. வெறுமனே விட்டால் தூர்ந்துபோகும்.

ஸ்வாதி காதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தோடு எப்போ மாமா குடுப்ப?” என்று கேட்டாள்.

ரேணுகாதான் பதில் சொன்னாள்.

“மாமா உள்ள போயிட்டு வருவான். வெளிய வந்து சம்பாரிச்சி வேற வாங்கிக் குடுப்பான். அதுவரிக்கும் குச்சி இருக்கட்டும்.”